பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருந்த மின்சாரம்

ஆலையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது கவிதா என்ற பொறியாளர் உட்கார்ந்திருக்கிறார். மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். பழைய டிராயிங் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மெஷினில் எந்த ஒயரை எதற்காக மாற்றினோம் என்று கேட்பார். போன மாதம் அவர் கேட்டது வேறு.

"சார், நம்ம ஊர்லயும் புளியங்குடிப் பக்கமும் நாலஞ்சு பட்டறையில பழைய சர்வோ மோட்டார் வாங்கிப் போட்டிருக்காங்க. மோட்டாருக்கு வேண்டிய பவர் சப்ளையை வீடியோ பாத்து அவங்களே செஞ்சுக்கிடுதாங்க. என்கிட்ட வந்து காட்டுதாங்க. வேண்டாம்னு சொன்னா, சும்மா பயமுறுத்துதேன்னு நினைக்காங்க. நீங்க எழுதிக் குடுங்க. பாடமா வேண்டாம், நடந்ததை எழுதுங்க போதும்."

நடந்தது ஆலையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். சண்முகையா தப்பு செய்தான், ஆனால் தானாகப் போய் ஒப்புக்கொண்டான் என்று என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொல்வார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஆறு நாள் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. அதையும் சேர்த்து எழுதுவதானால்தான் எழுத முடியும் என்று கவிதாவிடம் சொன்னேன். சரி என்றார்.

நான் சங்கரன்கோவில்காரன். அப்பா விசைத்தறி ஓட்டினார். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஊருக்கு வெளியே இருந்த நூற்பாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பியூஸ் மாற்றினேன், பேனலில் படிந்த பஞ்சைத் துடைத்தேன், அடுத்தவர் செய்வதைப் பார்த்தேன். பிறகு வெளிநாட்டிலிருந்து புது டிரா பிரேம்கள் வந்தன. பஞ்சுத் திரியை இழுத்து ஒரே கனமாக்கும் மெஷின் அது. உள்ளே வரும் திரி கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும் அந்தக் கணமே உருளைகளின் வேகம் மாற வேண்டும். அந்த வேலையைச் செய்வது சர்வோ மோட்டார். சாதாரண மோட்டார் சுற்று என்றால் சுற்றும். சர்வோ எவ்வளவு சொன்னோமோ அவ்வளவுதான் சுற்றும், சொன்ன இடத்தில் நிற்கும். எனக்கு அதன்மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது. சீக்கிரமே ஆலையில் சர்வோ என்றால் சண்முகையா என்றானது. முப்பத்தைந்து வயதுக்குள் அந்தப் பெயர் கிடைத்தது எனக்கு நல்லதாக முடியவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஜெபமணி சார். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரோடு வேலை செய்வது கஷ்டம். நாம் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

"ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்போம்.

"காட்டுங்க" என்பார்.

நடந்து போய் மெயின் சுவிட்சைக் காட்ட வேண்டும். அதில் பூட்டுத் தொங்குகிறதா, சாவி யாருடைய பையில் இருக்கிறது என்று பார்ப்பார். அதோடு விடமாட்டார். மீட்டரை எடுத்து, மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த வேறு ஒரு இடத்தில் முதலில் வைத்துப் பார்ப்பார், மீட்டர் வேலை செய்கிறதா என்று. அப்புறம் நாங்கள் திறந்த பேனலில் வைப்பார். முள் அசையாது. திரும்பவும் பழைய இடத்துக்குப் போய் வைத்துப் பார்ப்பார், நடுவில் மீட்டர் செத்துப்போகவில்லையே என்று. இத்தனையும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு செய்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி இன்னொரு கையில் இறங்கும், நடுவில் நெஞ்சு இருக்கிறது என்பது அவர் கணக்கு.

கடைசியாக இரண்டு நூறு வாட் பல்புகளை எடுப்பார். ஒரு மரக்கட்டையில் இரண்டு ஹோல்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, நீண்ட ஒயரும் முனையில் ரப்பர் உறையிட்ட கவ்விகளும் வைத்து அவரே செய்த சாமான் அது. சர்வோவின் பவர் சப்ளையில் பெரிய பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டு மின்விசிறியில் ஒரு கண்டன்சர் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா மாதிரி. அது மின்சாரத்தைத் தொட்டித் தண்ணீர்போலத் தேக்கி வைத்துக்கொள்ளும். குழாயை மூடினால் தொட்டி காலியாகிவிடாது. வீட்டுக்கு வருவது இருநூற்று முப்பது வோல்ட். அதை நேர்மின்சாரமாக்கிக் கெப்பாசிட்டரில் தேக்கினால் முந்நூற்று இருபதுக்கும் மேலே ஏறி நிற்கும். ஒரு பல்பு அதைத் தாங்காது, அதனால் இரண்டு. மெயினை நிறுத்திவிட்டு அந்தக் கவ்விகளைக் கெப்பாசிட்டரில் மாட்டுவார். தேங்கியது ஏதும் இருந்தால் பல்பு எரிந்து, மங்கி, அணையும். அணைந்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் எங்களைத் தொடவிடுவார்.

"ஸ்குரூ டிரைவரை வச்சு ஒரு தட்டுத் தட்டினா முடிஞ்சுது, அதுக்கு இவ்வளவு சடங்கா?" என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அப்படித் தட்டியவன் ஒருவனின் கண்ணில் உருகிய செம்புத்துளி தெறித்ததை அவர் வேறு ஆலையில் பார்த்திருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. அதை அவர் எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை.

அவர் மகள் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் போயிருந்த நேரத்தில் ஒரு டிரா பிரேமின் சர்வோவுக்கு வரும் பவர் சப்ளை எரிந்துபோனது. மாற்றுப் பாகம் கப்பலில் வர மூன்று மாதமாகும் என்றார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் சர்வோ ஆளாச்சே. ஏதாவது செய்யேன்" என்றார்.

நான் செய்தேன். மின்சாரம் கடத்தாத, அரையடி அகலமுள்ள பேக்கலைட் பலகையில் சுவர் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்க ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ஸ்டோரிலிருந்து மூன்று பெரிய கெப்பாசிட்டர்கள், உள்ளே வர ஒரு ஒயர், வெளியே போக இரண்டு போல்ட்டுகள். அவ்வளவுதான். சுவர் மின்சாரத்தை நேராக அதில் கொடுத்தேன். மூன்றாம் நாள் மெஷின் ஓடியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

ஜெபமணி சார் விடுப்பு முடிந்து வந்து அதன் முன்னால் நின்றார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"நிப்பாட்டுங்க" என்றார்.

நிறுத்தினேன். மெஷினுக்குப் போகும் இரண்டு ஒயரையும் நீண்ட காப்பிடப்பட்ட இடுக்கியால் அவரே கழற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். மேனேஜரும் வந்து சேர்ந்தார். பிறகு பல்புகளை மாட்டினார். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. மஞ்சளாகி, சிவப்பாகி, அணைய நாலைந்து விநாடி ஆனது.

"சண்முகையா, இது நல்லா ஓடுது" என்றார். "ஆனா இதுக்கு நிக்கத் தெரியலை."

அன்றைக்கே அதைக் கழற்றச் சொன்னார். சுவர் மின்சாரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டையும் பிரித்துவைக்க ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது இல்லாமல் தரையில் நிற்கிறவன் ஒரே ஒரு முனையைத் தொட்டாலும் போதும், கரண்ட் அடித்துவிடும் என்றார். கெப்பாசிட்டர்களின் குறுக்கே, நிறுத்தியவுடன் தேங்கியதை வடித்துவிடும் ரெசிஸ்டர் வேண்டும். ஒன்று போதாது, ஒன்று எரிந்துபோனால் காப்பாற்ற இன்னொன்று. இரண்டு பக்கமும் பியூஸ், எர்த் செய்த இரும்புப் பெட்டி, திறந்தால் மின்சாரம் அறுந்துபோகும் கதவு, தேக்கம் இருக்கும்வரை எரிகிற ஒரு சிறு விளக்கு. மேனேஜர் உற்பத்தி போகிறதே என்று கத்தினார். "ஆள் போகக் கூடாதுல்லா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டி தயாராகும்வரை மெஷினைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய பலகையை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பிரிச்சுப் போட்டுருங்க" என்றார்.

நான் பிரிக்கவில்லை. துணிப்பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் பாராட்டிய பொருளை அவர் எல்லோர் முன்னாலும் குப்பை ஆக்கிவிட்டார் என்ற ஆத்திரம் எனக்கு. ஓடியதே, நன்றாகத்தானே ஓடியது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தது நினைவிருக்கிறது.

கோமதிநாயகம் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். மரவேலைக்காரன். கோயில் கதவு, வீட்டு நிலை, சாமி படச் சட்டம் என்று சித்திர வேலை செய்வதில் சுற்று வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். சுற்றி வரும் கத்தியை மோட்டார்கள் நகர்த்தி மரத்தில் பூவும் கொடியும் செதுக்கும் ஒரு பழைய மெஷினை அந்தச் சமயத்தில் அவன் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மெஷின் வந்தது, அதன் பவர் சப்ளை வரவில்லை.

"ஏலே சம்முவம், நீ பெரிய சர்வோக்காரன்லா. இதை ஓட வச்சுக் குடு பாப்போம்" என்றான்.

என் வீட்டுப் பரணில் பலகை தயாராக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு ஒட்டுப்பலகையில் திருகி, சுவரோரம் நிறுத்தி, மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவ் பெட்டியோடு சேர்த்தேன். நடுவில் ஒரு பியூஸ் போட்டேன். மெஷின் ஓடியது. கத்தி நகர்ந்து முதல் தாமரையைச் செதுக்கியபோது கோமதிநாயகம் என்னைக் கட்டிக்கொண்டான். அவன் மனைவி பகவதி காப்பி கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது அவன் கேட்டான். "இதுல கை வைக்கணும்னா என்ன செய்ய?"

"பிளக்கைப் பிடுங்கிரு. பிடுங்கிட்டா ஒரு பயமும் கிடையாது" என்றேன்.

நான் சொன்னது அதுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்தும் பல்பு எரிந்ததைப் பார்த்தவன் நான். ஓடும் மெஷினோடு சேர்ந்திருந்தால் தேங்கியதை டிரைவே குடித்துவிடும் என்று நினைத்தேன். அது உண்மையும்தான், நடுவில் உள்ள பியூஸ் நன்றாக இருக்கும்வரை.

ஏழு மாதம் அது ஓடியது.

ஒரு திங்கட்கிழமை முற்பகலில் ஆலைக்குப் போன் வந்தது. கோமதிநாயகம் பட்டறையில் விழுந்து கிடந்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது என்று பகவதியின் அண்ணன் முருகையா சொன்னார். "நெஞ்சு வலி மாதிரித்தான் தெரியுது. பக்கத்துல ஒண்ணுமில்ல, கரண்ட்டும் இல்ல. பிளக்கு பிடுங்கித்தான் கிடந்துச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் போனபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறை பக்கவாட்டில் இருந்தது. யாரும் கவனிக்காத நேரம் உள்ளே போனேன். பிளக்கும் அதன் ஒயரும் மேசைமேல் நேர்த்தியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவசரமாகப் பிடுங்கி எறிந்ததுபோல் இல்லை. பலகையின் வெளி ஒயர்கள் இரண்டும் கழன்று தொங்கின. நடுவிலிருந்த பியூஸ் கறுத்திருந்தது. டிரைவ் பெட்டிக்குள் ஏதோ பழுதாகியிருக்கிறது, பியூஸ் எரிந்திருக்கிறது, டிரைவின் விளக்கு அணைந்திருக்கிறது. அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரைவைக் கழற்ற ஒயர்களை அவிழ்த்திருக்கிறான். ஒன்று இடது கையில், ஒன்று வலது கையில். கெப்பாசிட்டர்கள் குடிக்க ஆளில்லாமல் நிறைந்து நின்றிருக்கின்றன.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவன் உடம்பு வழியாகப் போனது போக, இன்னும் நூற்றுப் பத்து வோல்ட் மிச்சம் இருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஸ்குரூ டிரைவரை இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து அழுத்தினேன். சடாரென்று ஒரு வெட்டு. வெளியே ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. மீட்டர் பூஜ்யம் காட்டியது. வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பிறகு வெளியே வந்து ஆண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவனைக் குளிப்பாட்டியபோது நான்தான் கையைப் பிடித்தேன். இடது பெருவிரலிலும் வலது சுட்டுவிரலிலும் மிளகளவுக்கு ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. மரவேலைக்காரன் கையில் எத்தனையோ தழும்புகள், அவற்றில் இரண்டை யார் பார்ப்பார்கள்?

உள்ளே கோமதிநாயகத்தின் அம்மா அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வாய் சோறு திங்காமப் போனானே எம்புள்ள. காலையிலயே அவனை விரட்டி விரட்டிப் பேசினாளே, நெஞ்சு வெடிச்சுப் போச்சே!"

பனவடலிசத்திரத்தில் பகவதியின் சொந்தத்தில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. கோயில் கதவைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, வர முடியாது என்று அவன் சொல்லியிருக்கிறான். "அந்த மிஷினையே கட்டிக்கிட்டு இருங்க" என்று அவள் கோபத்தில் சொல்லியிருக்கிறாள். அவன் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து அவள்தான் போய்ப் பார்த்திருக்கிறாள். இப்போது சுவரில் தலையைச் சாய்த்தபடி அழாமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆமாம் என்பதுபோல மெதுவாகத் தலையசைத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மயானத்துக்கும் போய்விட்டு வந்தேன்.

ஆறு நாள் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், என் பிள்ளைகளோடு பேசினேன். சொன்னால் போலீஸ் வரும், வேலை போகும், என் குடும்பம் என்னாகும் என்று ஒரு பக்கம் நினைப்பேன். நான் சொல்வதால் இறந்தவன் திரும்பி வரப்போகிறானா என்று இன்னொரு பக்கம். ஆறாம் நாள் முருகையாவைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"பதினாறு முடியட்டும். பியூஸ்தான் போயிருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அதை மாத்திட்டு நானே மிஷினை ஓட்டலாம்னு இருக்கேன். கோயில் கதவு பாதில கிடக்குல்லா. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றார்.

நேரே ஆலைக்குப் போய் ஜெபமணி சாரின் அறையில் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைப் பிரிக்காததிலிருந்து ஸ்குரூ டிரைவர் வரைக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூடிய கண்களை விரல்களால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"என்கிட்ட எதுக்கு முதல்ல சொல்லுதீங்க?"

அவர் எழுந்து அலமாரியிலிருந்து பல்புக் கட்டையை எடுத்தார். "நான் கூட வாரேன். ஆனா நான் பேச மாட்டேன். நீங்கதான் பேசணும்."

பகவதியின் வீட்டில் அவளும் முருகையாவும் மாமியாரும் இருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். "கோமதிநாயகத்துக்கு நெஞ்சு வலி இல்ல. கரண்ட் அடிச்சிருக்கு. நான் செஞ்சு குடுத்த பலகையிலதான்."

முருகையாவுக்கு முதலில் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? பிளக்கு பிடுங்கிக் கிடந்துச்சே. நான்தான பாத்தேன். கரண்ட் எங்கன இருந்து வரும்?"

"காட்டுதேன்" என்றேன்.

எல்லோரும் பட்டறைக்குப் போனோம். ஒயர்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு பிளக்கைச் சொருகினேன். ஒரு நிமிடம் விட்டுப் பிடுங்கி, பிளக்கை முருகையாவின் கையிலேயே கொடுத்தேன். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதி செதுக்கிய கோயில் கதவு மெஷின்மேல் அப்படியே கிடந்தது. பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பல்புகளின் கவ்விகளை மாட்டினேன்.

பட்டறை வெளிச்சமானது. முருகையா கையிலிருந்த பிளக்கைப் பாம்பை உதறுவதுபோலக் கீழே போட்டார்.

பல்பு அணையும்வரை பகவதி கண்ணை எடுக்கவில்லை. அணைந்ததும் என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் பேசினதால இல்லையா?"

"இல்லம்மா."

"சாப்பிடாமப் போனதால?"

"அதுனாலயும் இல்ல. பிளக்கைப் பிடுங்கிட்டா பயமில்லன்னு நான் சொன்னேன். அவன் நான் சொன்னபடியே செஞ்சிருக்கான். என் பேச்சை நம்பினதாலதான்."

அவள் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்தாள். அவன் போன பிறகு அவள் வாய்விட்டு அழுததை அப்போதுதான் பார்த்தேன். மாமியார் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அருகில் போய் உட்கார்ந்து மருமகளின் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார்.

முருகையா என் சட்டையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. ஜெபமணி சாரும் தடுக்கவில்லை. பகவதிதான், "விடுண்ணே" என்றாள். அப்புறம் என்னிடம், "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"ஆறு நாளு" என்றாள். "ஆறு நாளு நான் என்னையே கொன்னுக்கிட்டு இருந்தேன். இனிமே இந்த வாசப்பக்கம் வராதீங்க அண்ணாச்சி."

அந்தப் பலகையை ஜெபமணி சார் அங்கேயே பிரித்தார். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் ஒயரால் சேர்த்துக் கட்டிய பிறகே தரையில் வைத்தார். அதன்பின் நான் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பட்டறையைப் பார்த்தார்கள். உடல் எரிக்கப்பட்டுவிட்டதாலும், பகவதி புகார் கொடுக்க மறுத்துவிட்டதாலும் வழக்கு மேலே நகரவில்லை. ஆலையில் விசாரணை நடந்தது. ஆலைப் பொருளை வெளியே கொண்டுபோனதற்கு என்னைச் சில மாதம் நிறுத்திவைத்தார்கள்.

அந்த விசாரணையில் ஜெபமணி சார் சொன்னதை நான் நேரில் கேட்டேன். தன் பெயர் எங்கும் வரவில்லை என்றாலும் எழுந்து நின்றார். "பிரிக்கச் சொன்னேன். பிரிச்சாரான்னு பாக்கலை. எத்தனையோ தடவை எல்லாத்தையும் காட்டச் சொல்லியிருக்கேன். அன்னைக்குக் காட்டச் சொல்லலை. அவர் வருத்தத்துல இருந்தாரு, மேல மேல கேக்க வேண்டாம்னு விட்டுட்டேன். என் தப்பையும் எழுதிக்கோங்க" என்றார். எழுத வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். எழுதிய பிறகுதான் ஜெபமணி சார் உட்கார்ந்தார்.

அவர் ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். அந்த விஷயத்தை அவர் ஒருநாளும் திரும்ப எடுக்கவில்லை. என்னிடம் 'காட்டுங்க' என்பதையும் விடவில்லை. அப்புறம் நான் அந்த நாற்காலிக்கு வந்தேன். நானும் யாரையும் நம்பவில்லை. என் காலத்தில் அப்ரண்டிஸ்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தேன். எங்கள் பிரிவில் யாரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் வீட்டிலேயே சர்வோவுக்குப் பவர் சப்ளை செய்கிறவர்கள் இருந்தால், செய்யவே செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் செய்தவன்தான். கடையில் தயாராகக் கிடைப்பதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் அது எப்படி நிற்கும் என்று யோசியுங்கள். சுவர் மின்சாரத்தை நேராகக் கொடுக்காதீர்கள். தேங்கியது தானாக வடிய வழி வையுங்கள், அந்த வழி அடைபட்டால் இன்னொரு வழி வையுங்கள். வடிந்ததா என்பதை விளக்கைப் பார்த்தும் பிளக்கைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள், மீட்டரை வைத்துப் பாருங்கள். இன்னொருவருக்குச் செய்து கொடுத்தால், கிளம்பும்போது நீங்கள் சொல்லும் ஒரு வரியை அவர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்பதை மறக்காதீர்கள்.

பகவதி பட்டறையை விடவில்லை. கைவேலை தெரிந்த இரண்டு ஆசாரிகளை வைத்து நடத்தினாள். அந்தக் கோயில் கதவின் மீதிப் பாதியை உளியால் செதுக்கி முடித்துக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அவள் சொன்னபடி நான் அந்த வாசல் பக்கம் போகவில்லை. மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பவும் இல்லை. கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்ற பாரத்தையும் அவள் தலையில் ஏற்றியதாகிவிடும் என்று பட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா அன்று ரத வீதியில் நல்ல கூட்டம். தள்ளிக்கொண்டு போன கூட்டம் என்னை ஒரு வளையல் கடை ஓரமாக ஒதுக்கியது. அங்கே எனக்கு நேர் எதிரே பகவதி. முடி நரைத்திருந்தது. பக்கத்தில் அவள் மகள். அப்பா போனபோது அந்தப் பெண்ணுக்கு மூன்று வயது. இப்போது கழுத்தில் புதுத் தாலி. ஒதுங்கிப் போக இடமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாரும்மா இவங்க?" என்று மகள் கேட்பது காதில் விழுந்தது.

கூட்டம் எங்களை இன்னும் நெருக்கித் தள்ளியது. பகவதி என்ன சொல்லப்போகிறாளோ அது எனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா எப்படி இறந்தாங்கன்னு நமக்கு வந்து சொன்னவங்க" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்து போனாள்.